காற்று அடங்கும்வரை புளியந்தீவில்

கச்சான் என்றவுடன் கோயில் திருவிழாக் கடைகளில் சுருள் கட்டி விற்கும் வறுத்த கடலையை நினைக்கும் சிறுவர்களுக்கு முதலில் ஒரு சொல். நாம் இங்கே கூறப்போகும் கச்சான் வாயிலிட்டு மெல்லுதற்குரியதன்று. அது ஒரு காற்று. வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரையில் மேற்கிலிருந்து வீசுவது. கொழும்பிலும் இரத்தினபுரியிலும் மக்களைக் குடைபிடிக்கச் செய்யும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுத்தான், மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் தன் நீரையெல்லாம் சொரிந்துவிட்டு, முகடுகளைக் கடந்து கிழக்கே இறங்குகிறது. இறங்குங் காற்று அமுக்கமுற்றுச் சூடேறும் என்பதைப் பௌதிகம் பயிலும் மாணவர் அறிவர். ஆதலால் மட்டக்களப்பை அடையும்போது அதில் ஈரம் இல்லை. அடுப்பின் வாயைத் திறந்தாற் போன்ற வெம்மையே உண்டு. தெருப் புழுதியைக் கிளப்பும், தென்னோலையைக் கிழிக்கும், கொடியில் உலர்த்திய துணியை அயல்வீட்டு வேலிக்கு அனுப்பிவைக்கும். களப்பு நீரை உழுத வயல்போல் ஆக்கிவிடும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழியை இங்குள்ள தோணிக்காரர்கள் வேடிக்கையாகக் கொள்வதில்லை.

அந்தக் காற்றின் தயவினாலேயே நாம் இரண்டு நாட்கள் புளியந்தீவில் தங்க நேர்ந்தது. தங்கியிராவிட்டால் அத்தீவைக் கண்டிருக்கவே மாட்டோம்.

மட்டக்களப்புக் களப்பு, தெற்கே கல்முனைப் பக்கத்திலிருந்து வடக்கே பங்குடாவெளி வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. களப்பு என்பது ஆழமில்லாத, கடலோடு தொடர்புடைய நீர்நிலை. கடலுக்கும் அதற்கும் இடையே ஒடுங்கிய மணல்நிலம். அதன்மேல் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி முதலிய ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. கதிரவன் எழும் பக்கத்துக் கரைக்கு எழுவான்கரை என்றும், படும் பக்கத்துக் கரைக்குப் படுவான்கரை என்றும் பெயர். இத்துணை அழகிய இரு பெயர்களை வேறெந்த நீர்நிலையின் கரைகளுக்கும் நாம் கேட்டதில்லை. படுவான்கரையில் நெல் விளைகிறது; எழுவான்கரையில் தென்னையும் மீனும். நடுவே நீர், அந்நீரின் நடுவே சில தீவுகள். எருமைத்தீவு போன்றவை சிறு தீவுகளாகவே நின்றுவிட, புளியந்தீவு மட்டும் நகரமாயிற்று.

களப்பு கடலோடு கலக்கும் முகத்துவாரம் புளியந்தீவுக்கு வடக்கே சில கிலோமீற்றர் தூரத்திலேயே இருக்கிறது. முச்சக்கர வண்டியில் ஏறினால் கால்மணி நேரப் பயணம். ஆயினும் பழையவர்கள் சென்ற வழியிலேயே, பாய் விரித்த தோணியிற் செல்லவேண்டும் என்று எமக்கும் உடன்வந்த நண்பர் இருவருக்கும் ஓர் ஆசை. இக்காலத்தில் இயந்திரம் பூட்டிய வள்ளங்களே மிகுதி. பாய்த்தோணி உடையவரைத் தேடுவதிலேயே முதல்நாள் மாலை கழிந்தது. கடைசியில் அறுபதை அணுகும் வயதினர் ஒருவர் அகப்பட்டார். மெலிந்த உடல், அதிகம் பேசாதவர். மறுநாட் காலை ஏழு மணிக்குத் துறைக்கு வரும்படி கூறினார்.

ஏழு மணிக்கு நீர் கண்ணாடி போலிருந்தது. ஒரு சுருக்கங்கூட இல்லை. தோணிக்காரப் பெரியவரோ பாயை அவிழ்க்காமல் கரையிற் குந்தியிருந்து படுவான்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இண்டைக்கு ஒண்ணா மனே. காத்து எழும்பப் போகுது. அடங்கட்டும், மறுகா பாப்பம்” என்றார்.

மறுகா என்பது மட்டக்களப்பாரின் தனிச்சொல். மற்றைய தமிழர் பிறகு என்று சொல்லுமிடத்தில் இவர்கள் மறுகா என்பர். மனே என்பதும் மகனே என்பதன் குறுக்கம். அதனை அவர் சொன்ன விதத்தில் எதிர்த்துப் பேச இடமிருக்கவில்லை. ஆயினும் நண்பர் ஒருவர், நீர் இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று கேட்டுவிட்டார். பெரியவர் கையை நீட்டினார். மேற்கே அடிவானத்தை ஒட்டிச் செம்மண் நிறத்தில் ஒரு மங்கல், வயல்வெளிகளின் புழுதி. களப்பின் நடுவே நட்டிருந்த கழிகளில் நாள்தோறும் சிறகு விரித்துக் காயும் நீர்க்காகங்கள் அன்று அங்கே இல்லை. கரையோரக் கண்டல் மரங்களின் மறைவில் ஒடுங்கியிருந்தன. நாமும் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். ஆனால் பறவைகள் இருப்பதைக் கண்டோமேயன்றி, இருக்குமிடம் மாறியதைக் காணவில்லை.

ஒன்பது மணிக்குக் கச்சான் வந்தது. தூரத்தே நீரின்மேல் ஒரு கருங்கோடு தோன்றி, அது எம்மை நோக்கி ஓடிவந்தது. அரைமணி நேரத்துள் களப்பு முழுவதும் வெண்ணுரை. ஆழ்கடலில் அலை நீண்டு உருளும்; தோணி அதன்மேல் ஏறி இறங்கும். களப்பிலோ பல இடங்களில் இரண்டாள் ஆழங்கூட இல்லை. ஆழமற்ற நீரில் எழும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் இருக்கும். ஒன்றின் முதுகில் ஒன்று ஏறும். தாழ்ந்த விளிம்புடைய தோணி முதல் அலையில் ஏறுமுன் இரண்டாம் அலை உள்ளே வந்துவிடும். களப்பைக் குளமென்று எண்ணி இறங்கியவர்கள் அதற்கு உயிரைக் கொடுத்ததுண்டு என்று பெரியவர் சொன்னார். சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டிற்குப் போய்விட்டார்.

எமக்கு இருந்தது ஒரு தீவும், நிறைந்த நேரமும்.

விரைந்து நடப்பவர் புளியந்தீவை ஒரு மணி நேரத்துள் சுற்றிவிடலாம். புளியமரங்கள் மலிந்திருந்தமையாற் புளியந்தீவு ஆயிற்று என்பார் சிலர். புளியன் என்னும் பழங்குடித் தலைவன் பெயரால் வந்தது என்பார் வேறு சிலர். கோட்டைமுனையிலிருந்து சிறு பாலத்தைக் கடந்து பேருந்தில் வருபவருக்கு இது தீவு என்பதே தெரியாது. கடைத்தெரு, மணிக்கூட்டுக் கோபுரம், வங்கிகள், பாடசாலைச் சிறுமியரின் வெள்ளைச் சீருடை. எந்த நகரத்திலும் காண்பவைதாம். நடந்தால்தான் தெரிகிறது. எந்தத் தெருவிற் போனாலும் முடிவில் நீர் நிற்கிறது.

முதலிற் கோட்டைக்குச் சென்றோம். தீவின் கிழக்குப் புறத்தே, இரு பக்கம் களப்பும் இரு பக்கம் அகழியுமாக நான்கு கொத்தளங்களோடு அது நிற்கிறது. 1628ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் கட்டினர். பத்தே ஆண்டுகளில், 1638ஆம் ஆண்டு மே மாதம், வெஸ்டர்வோல்ட் என்னும் தளபதியின்கீழ் வந்த ஒல்லாந்தர் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் படைகளோடு சேர்ந்து அதைக் கைப்பற்றினர். இலங்கையில் ஒல்லாந்தர் கையில் விழுந்த முதற் கோட்டை இதுவே. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். பின்னர் நெடுங்காலம் கச்சேரி இதற்குள்ளேதான் நடந்தது. காணி உறுதிக்கும் ஓய்வூதியத்துக்கும் வந்து இந்த மதிலின் நிழலிற் காத்திருந்த மக்களின் தொகை, இதனை முற்றுகையிட்ட படைவீரரின் தொகையைக் காட்டிலும் மிக அதிகமாயிருக்கும்.

கொத்தளத்தின்மேல் ஏறி நின்றபோது கச்சான் எம் முதுகில் அறைந்தது. கீழே களப்பு கொதித்துக்கொண்டிருந்தது. எதிரே கல்லடியின் தென்னந்தோப்புகளுக்கு அப்பாலே கடலின் ஒரு நீலக்கோடு. அதனை உற்று நோக்கியபோது ஒன்று புரிந்தது. கடலில் நுரை இல்லை! காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது; ஆகையால் கரையை ஒட்டிய கடல் நிலத்தின் மறைவில் அடங்கிக் கிடக்கிறது. உள்ளே தோணி ஓடமுடியாத அதே நாளில் வெளியே கப்பல்கள் அச்சமின்றி நங்கூரமிட்டு நிற்கலாம். மார்கழியில் வாடைக்காற்று வீசும்போது நிலைமை தலைகீழ். அப்போது இக்கரையில் கப்பல் நிற்பது ஆபத்து.

யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தக் கப்பற்றலைவன் 1602ஆம் ஆண்டு மே மாத முடிவில் மட்டக்களப்புக் கரைக்கு வெளியே நங்கூரமிட்டான் என்று வரலாற்றிற் படித்திருக்கிறோம். சீலந்து மாகாணத்திலிருந்து முந்திய ஆண்டு புறப்பட்டவன். கண்டி மன்னன் விமலதர்மசூரியனைக் கண்டு, போர்த்துக்கேயருக்கு எதிராக நட்புக்கொண்டு, மிளகும் கறுவாவும் பெறவேண்டும் என்பது அவன் நோக்கம். சூலை மாதம் மலைநாடு சென்று மன்னனைக் கண்டு திரும்பி, செப்தெம்பரிற் பாய் விரித்துப் போனான். மே முதல் செப்தெம்பர் வரை என்பதைக் கவனியுங்கள். அது கச்சான் வீசும் காலம் முழுவதும். நூலிற் படித்தபோது அவை வெறும் திகதிகளாக இருந்தன. கொத்தளத்தில் நின்று பார்த்தபோதுதான் அத்திகதிகளுக்குள் ஒரு காற்று வீசுவது தெரிந்தது. அடுத்த ஆண்டு அவன் வழியே வந்த செபால்ட் டி வேர்ட் என்பவனுக்கு அந்த நல்வாய்ப்பு இருக்கவில்லை. மன்னனோடு பிணக்குற்று, 1603 சூன் மாதத்தில் தோழர் பலரோடு இக்கரையிலேயே கொல்லப்பட்டான். அதற்குக் காற்றைக் குறைகூற இயலாது. நாவடக்கம் இல்லாமையே காரணமென்பர்.

பெருங்கப்பல் எதுவும் முகத்துவாரத்தின் மணற்றிட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. வந்தவர் யாராயினும் வெளியே நங்கூரமிட்டு, சிறு தோணியில் இறங்கி, காற்றும் நீரும் இடங்கொடுக்கும்வரை பொறுத்து, இத்தீவை அடைந்தனர். போகும்போதும் அவ்வாறே. புளியந்தீவின் வரலாற்றில் பாதி, காத்திருந்தவர்களின் வரலாறு.

அவர்களுள் எம் மனத்தை மிகவும் தொட்டவர் வாள் ஏந்தி வந்தவரல்லர். களப்புக் கரையிலே, பழைய இறங்குதுறையின் அருகே, வில்லியம் ஓல்ற் என்னும் மெதடிஸ்த போதகருக்குச் சிலை ஒன்று உண்டு. 1814ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்த முதல் மெதடிஸ்தக் குழுவில் அவர் ஒருவர். அக்குழுவின் தலைவர் தோமஸ் கோக் இலங்கையைக் காணுமுன்னரே கப்பலில் இறந்தார். ஓல்றின் மனைவியாரும் அதே பயணத்தில் கடலிலேயே உயிர்நீத்தார். தனியரான ஓல்ற் காலியிலிருந்து கடல்வழியாக இத்தீவுக்கு வந்து, தமிழ் கற்று, பிள்ளைகளைக் கூட்டிப் பள்ளிகள் தொடக்கினார். 1815ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி நோயுற்று மறைந்தார். இங்கே அவர் வாழ்ந்தது ஓராண்டுகூட இல்லை. அவர் தொடக்கியது இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. சமயத்தால் நாம் அவரோடு ஒன்றுபடாதவராயினும், அச்சிலையின் முன் சிறிது நேரம் நின்றோம். எட்டொன்பது மாதங்களில் ஒருவர் என்ன செய்துவிட முடியும் என்று, அருகில் நின்று ஐஸ்பழம் தின்றுகொண்டிருந்த அக்கல்லூரி மாணவன் ஒருவனைக் கேட்டோம். அவன் எம்மை விநோதமாகப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் தனக்குப் பரீட்சை என்றான்.

மற்றவற்றை விரைவாகவே சொல்லிவிடலாம். 1873இல் நிறுவப்பெற்ற புனித மிக்கேல் கல்லூரி, மரியாள் பேராலயம், காந்தி பூங்கா யாவும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில். ஆனைப்பந்திப் பிள்ளையார் கோயிலின் முன் சற்றுத் தங்கினோம். குதிரை கட்டுமிடம் குதிரைப்பந்தி ஆவதுபோல, ஆனை கட்டுமிடம் ஆனைப்பந்தி. ஒருகாலத்தில் ஆனைகள் கட்டி நின்ற இடத்தில் ஆனைமுகனே அமர்ந்துவிட்டான். நடுப்பகற் பூசை முடிந்து கிடைத்த சர்க்கரைப் பொங்கல் காற்றோடு வந்த மணலையும் கொண்டிருந்தது. ஆயினும் மீதம் வைக்கவில்லை.

பிற்பகல் நாலரை மணி இருக்கும். காற்று நின்றது. ஓலைகள் அசையவில்லை, நீர் மெல்லமெல்லத் தட்டையாயிற்று. நாம் துறைக்கு ஓடினோம். பெரியவர் அங்கே வலை பொத்திக்கொண்டிருந்தார். இப்போது புறப்படலாமே என்றோம். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அடங்கின மாதிரி இருக்கிறது வேற, அடங்கினது வேற.”

பின்னர், வலையூசியை வைத்துவிட்டு, 1978ஆம் ஆண்டுச் சூறாவளியைப் பற்றிச் சொன்னார். நவம்பர் 23ஆம் திகதி இரவு. அவருக்கு அப்போது பத்து வயது. முதலில் ஒரு பக்கத்திலிருந்து காற்று அறைந்தது. ஓடும் ஓலையும் பறந்தன. தென்னைகள் வரிசையாகச் சாய்ந்தன. பின்பு திடீரென ஓர் அமைதி. மழைகூட நின்றது. அயல்வீட்டு மனிதர், ஆபத்து நீங்கிற்று என்று எண்ணி, அறுந்து மிதந்த தம் தோணியைக் கட்டிவர இறங்கினார். பெரியவரின் தந்தையார் வாசலில் நின்று கூவியழைத்தார். அந்த அமைதி சூறாவளியின் கண் என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். சுழலின் நடுவே காற்றில்லை, அது கடந்ததும் எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபாதி வரும். அன்று அதை அறிந்தவர் சிலரே. மறுபாதி வந்தது. அயல்வீட்டார் திரும்பவில்லை. தோணி மட்டும் மூன்றாம் நாள் கண்டற் புதரிற் கிடந்தது. அந்த இரவில் நாடெங்கும் இறந்தோர் தொகை தொள்ளாயிரத்தை எட்டியது.

இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இருக்கவில்லை. சொல்லி முடித்து மீண்டும் வலையை எடுத்தார். ஐந்தரை மணிக்குக் கச்சான் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பி வந்து, நண்பரின் தொப்பியைக் களப்பிற்கு இரையாக்கிற்று.

இரண்டாம் நாளும் அவ்வாறே. அன்று தீவின் தென்புறக் கரையோரமாக நடந்தோம். வீட்டு முற்றங்கள் நீர்வரை இறங்குகின்றன. முருங்கையின்கீழ் ஒரு தோணி கவிழ்த்து வைத்திருக்கும். பக்கத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கும். வேலியில் வீச்சுவலை காயும். திரளி, ஓரா, கொடுவா, நண்டு, இறால் என்று அன்றைய பாட்டைக் கூடையில் கொண்டுசென்ற ஒரு தாயார், காற்று நாளில் மீன் குறைவு, விலை கூட என்று தாமாகவே எமக்கு எச்சரிக்கை செய்துவிட்டு, வெளியூராரென்று கண்டுகொண்டு தேநீருக்கு அழைத்தார். மட்டக்களப்பாரின் விருந்தோம்பல் பற்றி எழுதாதவர் இல்லை. யாம் கூடுதலாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. தேநீரோடு எள்ளுருண்டையும் வந்தது.

அவர் வீட்டு முற்றத்திலிருந்து படுவான்கரை தெளிவாகத் தெரிந்தது. அத்துணை அருகில் இருக்கும் அக்கரை, 1990ஆம் ஆண்டுக்குப் பிந்திய போர்க்காலத்தில் வேறொரு நாடுபோல் இருந்தது. இக்கரை ஒரு துப்பாக்கியின் ஆட்சி, அக்கரை இன்னொன்றின் ஆட்சி. நடுவே இந்தக் களப்பு எல்லைக்கோடு. 2007 வரை அந்நிலை. தம் தமக்கையார் அக்கரையிற் கலியாணம் செய்து போனவர் என்றும், மண்முனைத் துறையில் பாதைக்காகக் காத்துநின்று, சோதனைகளைக் கடந்து அவரைப் பார்த்துவர ஒரு முழுப் பகல் செல்லும் என்றும் அத்தாயார் சொன்னார். பாதை என்பது இங்கே வண்டிகளையும் மனிதரையும் ஏற்றிக் களப்பைக் கடக்கும் மிதவை. 2014இல் மண்முனையிற் பாலம் திறக்கப்பட்டது. “இப்ப அரைமணித்தியாலம்தான். ஆனா அக்கா இல்ல” என்றார். நாம் தேநீரைக் குடித்து முடித்தோம்.

அன்றிரவு நிலா ஏறத்தாழ முழுமையாக இருந்தது. நள்ளிரவுக்குப்பின் எப்போதோ ஓலைகளின் ஓசை நின்றுபோயிற்று. அந்த மௌனமே எம்மை எழுப்பியது. எழுந்திருந்தும் துறைக்கு ஓடவில்லை. முந்திய நாட் பாடம் நினைவிருந்தது. மூன்றரை மணிக்குப் பெரியவரே வந்து படலையைத் தட்டினார். “வாங்க மனே, இப்ப ஒண்ணும்” என்றார்.

பாய்மரத்தைச் சாய்த்து வைத்து, கம்பு ஊன்றித் தோணியைக் கல்லடிப் பாலத்தை நோக்கிச் செலுத்தினார். 1924இல் ஆளுநர் மனிங்கின் துணைவியார் பெயரால் அமைந்த பழைய இரும்புப்பாலமும், அதன் அருகே 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் நிலவொளியில் இணையாக நின்றன. பாலத்தின் அண்மையிலே தோணியை நிறுத்தி, துடுப்பை நீருக்குள் இறக்கி, அதன் மேல்நுனியில் காதை வைக்கச் சொன்னார்.

மட்டக்களப்பின் பாடும் மீனைப் பற்றி வாசகர் கேள்வியுற்றிருப்பர். 1848ஆம் ஆண்டு செப்தெம்பரில் இங்கு வந்த எமர்சன் ரெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி, இரவிலே தோணியிற் சென்று அவ்வொலியைக் கேட்டு, தம் நூலில் விரிவாக எழுதினார். ஒலிப்பது ஊரி என்று அன்றைய மீனவர் அவருக்குச் சிப்பியைக் காட்டினர். மீனென்பாரும் ஊரியென்பாரும் இன்றளவும் வாதிட்டுக்கொள்கின்றனர். யாழ் நூல் தந்த விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு இக்களப்புப் பிரதேசத்தின் தென்பாகத்திலேயே உளது. அவர் அடக்கமான இடமோ பாலத்தைக் கடந்ததும் வரும் கல்லடியில். இசை ஆராய்ந்தவர் இந்நீரின் அருகே உறங்குவது பொருத்தமே.

நாம் கேட்டோமா? தம்புராவின் ஒரு நரம்பை யாரோ மீட்டிவிட்டுப் போக, அடுத்த அறையில் நின்று அதன் கடைசி அதிர்வைக் கேட்பது போன்ற ஒன்று துடுப்பின் வழியே வந்தது. சிறிது நேரம் நின்றது, மீண்டும் வந்தது. ஒரு நண்பருக்குத் தவளைச் சத்தமாகப் பட்டது. மற்றவர் ஒன்றுமே கேட்கவில்லை என்று வருந்தினார். அமைதியான நீரில்லாமல் இதைக் கேட்பதரிது என்றார் பெரியவர். கச்சான் வீசிய இரண்டு இரவுகளிலும் அது கீழே ஒலித்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

பாலத்தைக் கடந்தபின் பாய்மரத்தை நிமிர்த்தி, ஒட்டுப்போட்ட பாயை விரித்தார். தென்மேற்கிலிருந்து மெல்லிய காற்று. அதே கச்சான்தான், ஆனால் பால் குடித்த கன்றுபோல் இருந்தது. இடப்புறம் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தால் புகழ்பெற்ற மாமாங்கேசுவரர் எழுந்தருளியிருக்கும் அமிர்தகழி. வலப்புறம் கடலுக்கும் களப்புக்கும் இடையே நாவலடி மணல்நிலம். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது அந்த ஒடுங்கிய நிலத்திலிருந்தோர் ஓடுவதற்கு இடமிருக்கவில்லை. முன்னே கடல், பின்னே களப்பு. வீடிருந்த இடங்கள் சிலவற்றில் இப்போது சவுக்குமரங்கள். தோணியில் யாரும் பேசவில்லை.

விடியும் வேளையில் முகத்துவாரம் வந்தடைந்தோம். 1913இல் எழுப்பப்பெற்ற 28 மீற்றர் உயரமான வெளிச்சவீடு இளஞ்சிவப்பு வானத்தில் நின்றது. களப்பின் வாய் மூடிக் கிடந்தது. கோடையில் ஆற்றுநீர் வரத்துக் குறைய, கடலலை மணலைக் கொண்டுவந்து குவித்துக் கதவை அடைத்துவிடுகிறது. மணற்றிட்டின்மேல் ஏறினால் ஒரு பக்கம் அசையாத களப்பு, மறுபக்கம் மெல்ல மூச்சுவிடும் கடல்; இடையே சில அடி மணல்தான்.

அந்த மணலைப் பற்றியே இங்கு ஆண்டுதோறும் வழக்கு. கார்த்திகை, மார்கழி மழையில் களப்பு நிரம்பி வயலில் ஏறும். நெல் அழுகுமுன் ஆற்றுவாயை வெட்டுங்கள் என்பர் படுவான்கரை உழவர். 2011 சனவரி வெள்ளத்தை மறந்தவர் அங்கில்லை. அகாலத்தில் வெட்டினால் உவர்நீர் உட்புகுந்து அதே வயல்களைக் கெடுக்கும். மீனவர்க்கோ வாய் திறந்திருக்க வேண்டும். இறாற்குஞ்சு கடலிலிருந்து உள்ளே வந்து வளர்ந்தால்தான் அவர்கள் அடுப்பு எரியும். நேரத்தோடு வெட்டினால் இரு சாராரும் உண்பர். தவறினால் ஒரு சாரார் பட்டினி. எந்த நாளில் வெட்டுவது என்பதைக் கூட்டங் கூடி முடிவுசெய்கின்றனர். பெரியவரிடம் அவர் கருத்தைக் கேட்டோம். அவருக்கு மீன்பிடியும் உண்டு, அக்கரையில் மனைவி வழிவந்த இரண்டு ஏக்கர் வயலும் உண்டாம். பெருவிரலால் மணலைக் கிண்டிப் பார்த்துக்கொண்டே, “நமக்கு ரெண்டு பக்கமும் வழக்குத்தான்” என்று முதன்முறையாகச் சிரித்தார்.

கதிரவன் கடலிலிருந்து எழுந்தான். நீராடிவிட்டு, வெளிச்சவீட்டின் அடியில் இருந்து, கொண்டுவந்த இடியப்பத்தை உண்டு, சாவகாசமாகத் திரும்புவது எம் திட்டம். பொட்டலத்தை அவிழ்க்கத் தொடங்கியபோது பெரியவர் மேற்கே பார்ப்பதைக் கண்டோம். இம்முறை அவர் கையை நீட்டவேண்டியிருக்கவில்லை. அடிவானத்தை ஒட்டி அந்தச் செம்மண் மங்கல். கழிகளின்மேல் நீர்க்காகம் ஒன்றுமில்லை. நண்பர் ஒருவர் மட்டும் ஓடிச்சென்று கடலிற் காலை நனைத்துக்கொண்டு வந்தார். மற்ற இருவரும் பொட்டலத்தைத் தோணிக்குள் எறிந்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அதைத் தண்ணீருக்குள் தள்ளினோம்.